ஒரே அணு தடிமனில் இரும்பு காந்தமாக இருக்குமா?

இளங்கலை இயற்பியல் படிக்கும் ஒருவர் கேட்டது இது: "இரும்பை ஓர் அணு தடிமன் வரை மெலிதாக்கினால் அது காந்தமாக இருக்குமா? அப்படியானால் காந்த வலிமை கூடுமா, குறையுமா? இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்? இதனால் என்ன பயன்? கல்லூரி ஆய்வகத்தில் ஏதாவது செய்து பார்க்க முடியுமா?"

முதல் கேள்விக்கு என் பதில் இன்னொரு கேள்விதான்: அந்த ஒற்றை அடுக்கு இரும்பை எதன் மேல் வைத்திருக்கிறீர்கள்?

டங்ஸ்டன் படிகத்தை ஒரு கோணத்தில் வெட்டி, அந்த முகத்தின் மேல் ஓர் அடுக்கு இரும்பைப் படியவைத்தால் அது நல்ல காந்தம். அணுக்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்கும். அதே டங்ஸ்டனை வேறு கோணத்தில் வெட்டி, சதுர அமைப்புள்ள முகத்தின் மேல் அதே ஓர் அடுக்கு இரும்பைப் படியவைத்தால், சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் போல ஓர் அணு மேலே பார்க்கும், பக்கத்து அணு கீழே பார்க்கும். மொத்தத்தில் காந்தமே இல்லாதது போலத் தோன்றும். 2005இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் குழு இதை அணு அணுவாகப் படமெடுத்துக் காட்டியது. டங்ஸ்டனுக்குப் பதில் இரிடியத்தின் மேல் வைத்தால் இரண்டும் இல்லாமல், காந்த திசைகள் சுழல் சுழலாக முறுக்கிக்கொள்ளும். மூன்று இடத்திலும் இரும்பு ஒன்றுதான், தடிமன் ஒன்றுதான். மாறியது அடியில் இருக்கும் பொருள் மட்டும்.

நான் சில ஆண்டுகள் இப்படிப்பட்ட மென்படலங்களோடு வேலை செய்தவன். இன்றைக்கும் என்னை அசர வைக்கும் விஷயம் இதுதான். கட்டியாக இருக்கும் இரும்பின் காந்தம் இரும்பின் குணம் என்று சொல்லிவிடலாம். ஓர் அடுக்கு இரும்பின் காந்தத்தை அப்படி இரும்புக்கு மட்டும் சொந்தமாக்க முடியாது. கீழே யார், மேலே யார் என்பதும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கிறது. மற்ற கேள்விகளுக்கும் பதில் இந்த இடத்திலிருந்தே கிளம்புகிறது.

முதலில் அளவு மனதில் நிற்க வேண்டும். தங்க ரேக்கு பார்த்திருப்பீர்கள், மூச்சுக்காற்று பட்டாலே சுருண்டுகொள்ளும். நன்றாக அடித்த மெல்லிய ரேக்கு ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு தடிமன் இருக்கும். அதற்குள் சுமார் 400 அணு அடுக்குகள் இருக்கின்றன. நாம் பேசுவது அதில் ஒரே ஓர் அடுக்கைப் பற்றி. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஓர் அடுக்கு இரும்பு அணுக்களைப் பரப்பினால் அதன் எடை ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு. ஆகவே "வலிமை கூடுமா" என்பதை இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும். மொத்த காந்தம் என்று பார்த்தால், ஒரு குண்டூசியைக்கூட இழுக்காது. ஆனால் ஓர் அணுவுக்கு எவ்வளவு காந்தம் என்று பார்த்தால், பெரும்பாலும் கூடும்.

ஏன் கூடும்? இரும்பு அணு தனியாக இருக்கும்போது அதன் வெளிப்பக்க எலெக்ட்ரான்களில் நான்கு ஜோடி சேராமல் இருக்கும். ஒவ்வோர் எலெக்ட்ரானும் ஸ்பின் என்ற தன் உள்ளார்ந்த பண்பால் ஒரு குட்டிக் காந்தம். அணுக்கள் சேர்ந்து கட்டியாகும்போது இந்த எலெக்ட்ரான்கள் வீட்டில் தங்குவதில்லை, பக்கத்து அணுக்களுக்கெல்லாம் போய்வருகின்றன. கட்டி இரும்பில் ஓர் அணுவுக்கு மிக அருகில் எட்டு அணுக்கள். எவ்வளவு அதிகமாக அலைகின்றனவோ, அவ்வளவு எளிதாக எதிர்த் திசை ஸ்பின்களும் ஆற்றல் மட்டங்களில் இடம் பிடித்துவிடுகின்றன. அதனால் காந்தத்தின் ஒரு பகுதி அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது அணுவுக்கு 2.2 போர் மேக்னட்டான். போர் மேக்னட்டான் என்பதை ஓர் எலெக்ட்ரான் ஸ்பின்னின் காந்த அளவு என்று வைத்துக்கொள்ளலாம். கோபால்ட்டில் இது 1.7, நிக்கலில் வெறும் 0.6.

கட்டியின் மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கு மேல் பக்கத்து ஆட்கள் இல்லை. ஒற்றை அடுக்கில் கீழ்ப் பக்கத்து இரும்பும் இல்லை. போய்வர இடம் குறைவதால் எலெக்ட்ரான்கள் வீட்டில் அதிகம் தங்குகின்றன, தனி அணுவின் குணம் திரும்பி எட்டிப்பார்க்கிறது. இரும்பின் மேற்பரப்பு அணுவுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 3 போர் மேக்னட்டான் வருகிறது.

ஆனால் இந்த விடைக்கு வருவதற்கு முன் இந்தத் துறை ஒரு தவறான பாதையில் கொஞ்ச தூரம் போய்விட்டு வந்தது. 1970 வாக்கில், மின்முலாம் முறையில் தயாரித்த இரும்பு, நிக்கல் படலங்களை அளந்தபோது மேற்பரப்பின் ஓரிரண்டு அடுக்குகளில் காந்தமே இல்லை என்று முடிவு வந்தது. அவற்றுக்கு "செத்த அடுக்குகள்" என்று பெயர்கூட வைத்தார்கள். பிறகு மிகத் தூய்மையான வெற்றிடத்தில் படலம் செய்து அளந்தபோது அந்தச் செத்த அடுக்குகள் காணாமல் போயின. கரைசலில் தயாராகும் படலத்தின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் போன்றவை ஒட்டிக்கொள்வதைத் தவிர்க்க முடியாது. ஒட்டிக்கொண்ட அந்த அணுக்களும் அண்டை அணுக்கள்தானே, அவையும் இரும்பின் எலெக்ட்ரான்களோடு கலக்கும். ஒரு பொருளின் குணம் என்று நினைத்தது அதன் மேல் படிந்த அழுக்கின் குணமாக இருந்தது.

அதனால்தான் இந்த வேலையில் பாதி நேரம் வெற்றிடத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே போகும். வளிமண்டல அழுத்தத்தில் நூறு கோடியில் ஒரு பங்கு அழுத்தம் என்றால் மிக நல்ல வெற்றிடம் என்று தோன்றும். ஆனால் அந்த வெற்றிடத்தில்கூட, மிச்சமிருக்கும் வாயு மூலக்கூறுகள் வந்து மோதி ஒட்டினால், ஒரு புதிய பரப்பு ஏறக்குறைய ஒரு விநாடியில் முழுக்க மூடிவிடும். அளக்க நேரம் வேண்டுமென்றால் அழுத்தம் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்காக இறங்க வேண்டும். அப்போது மூன்று நான்கு மணி நேரம் கிடைக்கும். அதற்காக எஃகு அறையைச் சுற்றி ஹீட்டிங் டேப்பைக் கட்டி, அலுமினியத் தாளால் போர்த்தி, 150 டிகிரி அளவில் ஒன்றிரண்டு நாள் சுட வைப்போம். உள்சுவரில் ஒட்டியிருக்கும் நீராவி அப்போதுதான் விடும். என் ஆய்வுக் காலத்தில் ஒருமுறை மூன்று வாரம் தொடர்ந்து காந்த அளவு குறைவாகவே வந்தது. கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் ஒரு வால்வின் இணைப்பில் மிக நுண்ணிய கசிவு. சரிசெய்த மறுநாள் எடுத்த முதல் படலத்திலேயே அளவு ஏறிவிட்டது. செத்த அடுக்குகளின் கதையை அன்றைக்குத்தான் உண்மையில் புரிந்துகொண்டேன்.

எப்படி அளக்கிறார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எளிமையான வழி ஒளி. முனைவாக்கம் செய்த, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியைக் காந்தப் பரப்பில் பட்டுத் தெறிக்க விட்டால், அதன் அதிர்வுத் தளம் சிறிது திரும்பும். 1877இல் ஜான் கெர் கண்டுபிடித்தது இது. ஓரிரண்டு அணு அடுக்குகள் என்றால் அந்தத் திருப்பம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்குதான், ஆனாலும் அளக்க முடியும். 1985இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் தங்கத்தின் மேல் வளர்த்த மிக மெல்லிய இரும்புக்கு இதைச் செய்து காட்டினார்கள். இரண்டாவது வழி வட்டமுனைவாக்கம் செய்த, அதாவது அதிர்வுத் திசை சுழன்றுகொண்டே வரும் எக்ஸ் கதிர். இரும்பு ஓர் ஆற்றலில், கோபால்ட் வேறோர் ஆற்றலில் உறிஞ்சுவதால், கலந்து கிடக்கும் படலத்திலும் எந்தத் தனிமம் எவ்வளவு காந்தம் என்று தனித்தனியாகச் சொல்லலாம். மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, ஸ்பின்னை உணரும் ஊடுருவு நுண்ணோக்கி. காந்தத்தன்மையுள்ள ஊசி முனையை ஓர் அணுவின் மேல் வைத்து, அந்த அணு மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்று கேட்கலாம். முதலில் சொன்ன சதுரங்கப் பலகை இந்தக் கருவியில் தெரிந்ததுதான்.

அப்புறம் வெப்பம். எந்தக் காந்தத்தையும் சூடாக்கினால் ஒரு கட்டத்தில் அதன் ஒழுங்கு குலையும். அதுதான் கியூரி வெப்பநிலை. கட்டி இரும்புக்கு அது 1043 கெல்வின், அதாவது 770 டிகிரி செல்சியஸ். டங்ஸ்டனின் மேல் ஓர் அடுக்கு இரும்புக்கு ஏறக்குறைய 230 கெல்வின், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக்கும் அதிகம். அணுவுக்கு அணு காந்தம் கூடியிருந்தும், ஒன்றையொன்று ஒரே திசையில் பிடித்துவைக்கும் கைகள் குறைந்துவிட்டதால் சிறிய வெப்பமே கலைத்துவிடுகிறது. இங்கேயும் அண்டை வீட்டார் கதைதான். அதே அடுக்கின் மேல் வெள்ளியால் மூடினால் கியூரி வெப்பநிலை 280 கெல்வின் அருகே போகிறது. வெள்ளி காந்தமே அல்ல. ஆனாலும் போர்வையாக வந்ததும் 50 கெல்வின் அளவுக்கு மாற்றிவிடுகிறது.

நன்றாகப் படித்த மாணவர் இந்த இடத்தில் ஒரு தடையை எழுப்புவார். 1966இல் டேவிட் மெர்மினும் ஹெர்பர்ட் வாக்னரும் நிரூபித்தது என்ன? எல்லாத் திசையும் சமம் என்ற நிலையில், இரு பரிமாணப் பரப்பில், 0 கெல்வினுக்கு மேல் எந்த வெப்பநிலையிலும் நீடித்த காந்த ஒழுங்கு இருக்க முடியாது. அப்படியானால் 230 கெல்வின் எங்கிருந்து வந்தது?

விடை "எல்லாத் திசையும் சமம்" என்ற நிபந்தனையில் இருக்கிறது. வயலில் வரிசையாக நிற்கும் நாற்றுகள் மேல் காற்று அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாற்றுக்கும் அடுத்ததற்கும் சாய்வில் வித்தியாசம் மிகக் குறைவு, ஆனால் வயலின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் திசையே மாறியிருக்கும். ஸ்பின்களிலும் இப்படி நீண்ட அலைகள் உண்டு. நீளமான அலைக்கு ஆற்றல் செலவு மிகக் குறைவு, அதனால் சிறிய வெப்பத்திலும் ஏராளமாகக் கிளம்பும். முப்பரிமாணத்தில் அவற்றைத் தாங்கிக்கொள்ள முடிகிறது. இரு பரிமாணத்தில் அவை குவிந்து ஒழுங்கையே அழித்துவிடும். ஆனால் நிஜப் படிகத்தில் ஸ்பின்னுக்குத் திசைகள் சமமல்ல. ஒரு திசை பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது. இதைத் திசை விருப்பம் என்று சொல்கிறேன். அந்த விருப்பம் சிறிதளவு இருந்தாலும், அலை கிளம்ப ஒரு குறைந்தபட்ச விலை வந்துவிடுகிறது. விலை வந்ததும் கூட்டம் குறைகிறது, ஒழுங்கு பிழைக்கிறது. ஸ்பின் மேலே அல்லது கீழே மட்டும்தான் பார்க்கலாம் என்ற கடைசி எல்லையில் இரு பரிமாணத்தில் ஒழுங்கு உண்டு என்பதை லார்ஸ் ஆன்சாகர் 1944இலேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார்.

ஆக, மெல்லிய காந்தத்துக்கு உயிர் கொடுப்பது திசை விருப்பம். அது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும், மறுபடியும், அண்டையிலிருந்து.

சுவிட்சர்லாந்தின் லோசானைச் சேர்ந்த குழு ஒன்று 2003இல் பிளாட்டினத்தின் மேல் தனித்தனிக் கோபால்ட் அணுக்களைத் தூவி அளந்தது. கட்டிக் கோபால்ட்டில் ஓர் அணுவுக்கான திசை விருப்ப ஆற்றல் 0.045 மில்லி எலெக்ட்ரான் வோல்ட். பிளாட்டினத்தின் மேல் தனி அணுவுக்கு அது சுமார் 9. இருநூறு மடங்கு. இரண்டு காரணங்கள் சேர்கின்றன. கோபால்ட்டைச் சுற்றி ஆட்கள் குறைவதால் அதன் எலெக்ட்ரான்களின் சுற்றுப்பாதை இயக்கம் அடங்காமல் இருக்கிறது. கீழே இருக்கும் பிளாட்டினமோ கனமான தனிமம், அதில் ஸ்பின்னும் சுற்றுப்பாதையும் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கும். கோபால்ட் காந்தத்தைக் கொடுக்கிறது, பிளாட்டினம் திசையைக் கொடுக்கிறது.

இதன் விளைவு ஒன்றைக் கண்கூடாகப் பார்க்கலாம். சாதாரணமாக ஒரு மெல்லிய காந்தத் தகடு தகட்டின் தளத்திலேயே படுத்துக்கொள்ளத்தான் விரும்பும், ஏனென்றால் நிமிர்ந்து நின்றால் வெளியே காந்தப் புலம் சிதறி ஆற்றல் வீணாகும். ஆனால் பல்லேடியம் அல்லது பிளாட்டினத்துக்கு நடுவே கோபால்ட்டை 0.8 நானோமீட்டருக்கும் (நானோமீட்டர் என்பது மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெல்லியதாக வைத்தால் காந்தம் எழுந்து செங்குத்தாக நிற்கிறது. தடிமன் கூடக் கூட மறுபடி படுத்துவிடும். எல்லையில் இருக்கும் அணுக்கள் "நில்" என்கின்றன, உள்ளே இருப்பவை "படு" என்கின்றன, எந்தக் கட்சியில் ஆள் அதிகமோ அது ஜெயிக்கிறது. எல்லை அணுக்களுக்கு இப்படித் தனி விருப்பம் இருக்கும் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல் 1954இலேயே எழுதிவிட்டார், ஆய்வகங்களுக்கு அதைப் பார்க்கப் பத்தாண்டுக்கும் மேல் பிடித்தது. தாமிரத்தின் மேல் வளரும் நிக்கல் இதற்கு நேர் எதிர். ஏழு அடுக்கு வரை படுத்திருக்கும், அதற்குமேல் எழுந்து நிற்கும். தாமிரத்தின் அணு இடைவெளி கொஞ்சம் பெரியது. அதோடு பொருந்துவதற்காக நிக்கல் இழுபட்டுக் கிடக்கிறது. அந்த இழுவிசை படலத்தின் உள்ளே முழுக்கப் பரவியிருப்பதால், இங்கே தடிமன் கூடக் கூட நிற்கும் கட்சி பலம் பெறுகிறது.

அண்டைத் தனிமம் நிற்பதையும் படுப்பதையும் மட்டுமல்ல, முறுக்குவதையும் தீர்மானிக்கும். 1958இல் இகோர் சியாலோஷின்ஸ்கியும் 1960இல் தோரு மோரியாவும் சொன்ன ஓர் இடைவினை உண்டு. மேலும் கீழும் ஒரே மாதிரி இல்லாத இடத்தில், பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் இணையாக நிற்பதைவிட ஒரு குறிப்பிட்ட பக்கமாகச் சற்றுத் திரும்பி நிற்பதையே விரும்பும். ஒரு பக்கம் இரிடியம், மறுபக்கம் வெற்றிடம் என்று இருக்கும் ஒற்றை அடுக்கு இரும்பைவிட இதற்கு ஏற்ற இடம் வேறென்ன? 2011இல் அதே ஹாம்பர்க் நகரக் கருவியில் இரிடியத்தின் மேல் இரும்பைப் பார்த்தபோது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 அணுக்களே அடங்கிய ஸ்பின் சுழல்கள் கோலப் புள்ளிகள் போல ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஸ்கிர்மியான் என்று அவற்றுக்குப் பெயர். அந்த இரும்பின் மேல் ஓர் அடுக்கு பல்லேடியத்தையும் வைத்தார்கள். சுழல்கள் கொஞ்சம் பெரிதாகி, ஒன்றிலிருந்து ஒன்று விலகித் தனித்தனியாக நிற்கத் தொடங்கின. 2013இல் நுண்ணோக்கியின் ஊசி முனையால் ஒரு சுழலை எழுதவும் அழிக்கவும் முடிந்தது. இதெல்லாம் திரவ ஹீலியத்தை ஒட்டிய குளிரில் நடந்தது, எழுதி அழிக்க வலுவான காந்தப் புலமும் வேண்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு தகவல் துணுக்கைச் சில நானோமீட்டருக்குள் அடைக்கலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது.

பயன் என்ன என்று கேட்டிருந்தீர்கள். பயன் ஏற்கெனவே உங்கள் கையில் வந்து போயிருக்கும்.

1986இல் ஜெர்மனியின் யூலிக்கில் பீட்டர் குரூன்பெர்க், இரண்டு இரும்புப் படலங்களுக்கு நடுவே மெல்லிய குரோமியத்தை வைத்தபோது, இரும்புப் படலங்கள் இரண்டும் தாமாகவே எதிரெதிர்த் திசையில் திரும்பிக்கொள்வதைப் பார்த்தார். 1988இல் அவரும், தனியாகப் பிரான்சின் ஓர்சேயில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும், இந்த அடுக்குகளின் மின்தடையை அளந்தார்கள். வெளியிலிருந்து காந்தப் புலம் கொடுத்து எல்லாப் படலங்களையும் ஒரே திசைக்குத் திருப்பினால் மின்தடை விழுந்தது. ஃபெர்ட்டின் படலங்களில் இரும்பு 3 நானோமீட்டர், குரோமியம் 0.9 நானோமீட்டர், இப்படி அறுபது முறை மாறி மாறி. திரவ ஹீலியம் வெப்பநிலையில் மின்தடை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காரணம் எளிது. ஒரு திசை ஸ்பின் கொண்ட எலெக்ட்ரான் தன் திசைக் காந்தத்துக்குள் சுலபமாக ஓடும், எதிர்த் திசைக் காந்தத்துக்குள் அடிக்கடி சிதறும். எல்லாப் படலங்களும் ஒரே பக்கம் பார்த்தால் ஒரு வகை எலெக்ட்ரானுக்காவது தடையில்லாத பாதை கிடைக்கிறது. எதிரெதிராக இருந்தால் இரு வகைக்கும் ஏதோ ஓரிடத்தில் முட்டுக்கட்டை. பெருங்காந்த மின்தடை என்று இதைத் தமிழில் சொல்லலாம். இருவருக்கும் 2007இல் நோபல் பரிசு கிடைத்தது.

குரோமியம் நடுவே என்ன செய்கிறது என்பதை ஐபிஎம் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் பார்க்கின் நீட்டித்துப் பார்த்தார். நடு அடுக்கின் தடிமனைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால், இரு பக்கக் காந்தங்களும் எதிரெதிர், ஒரே திசை, மறுபடி எதிரெதிர் என்று மாறி மாறிப் போகின்றன. இந்தத் தாளம் நடு உலோகத்துக்கு ஏற்ப மாறும். தாமிரத்தில் ஏறக்குறைய 1 நானோமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வரும். காந்தமே இல்லாத தாமிரத்தில் இரண்டு மூன்று அடுக்கைக் கூட்டினாலோ குறைத்தாலோ பக்கத்துக் காந்தத்தின் திசை தலைகீழாகிறது! 1997இல் ஐபிஎம் இந்த அடுக்குகளை ஹார்டு டிஸ்க்கின் படிக்கும் முனைக்குள் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. டிஸ்க்கில் எழுதியிருக்கும் காந்தப் புள்ளி மிகச் சிறியதாக இருந்தாலும் அதன் புலம் மின்தடையை மாற்றும், அதைப் படித்துவிடலாம். ஆய்வகத்திலிருந்து கடைக்கு ஒன்பதே ஆண்டுகள்.

நடுவே உலோகத்துக்குப் பதில் மின்கடத்தாப் பொருளை ஒரு நானோமீட்டர் அளவில் வைத்தால், எலெக்ட்ரான்கள் அதை ஊடுருவிப் போகும். அங்கே மின்தடை மாற்றம் இன்னும் பெரிது. 1975இல் மிஷேல் ஜூலியேர் குளிரில் இதைப் பார்த்தார். அறை வெப்பநிலைக்கு அது வர இருபது ஆண்டு ஆனது. 1995இல் ஜப்பானில் மியாசாகி, அமெரிக்காவின் எம்ஐடியில் ஜெகதீஷ் மூடேரா, இருவரும் அலுமினியம் ஆக்சைடு அடுக்கை வைத்து 10 சதவீதத்துக்கு மேல் மாற்றம் காட்டினார்கள். மூடேரா முனைவர் பட்டம் பெற்றது சென்னை ஐஐடியில். 2004இல் அலுமினியம் ஆக்சைடுக்குப் பதில் மக்னீசியம் ஆக்சைடு வந்ததும் மாற்றம் 200 சதவீதத்தை ஒட்டிப் போனது. அதன் படிக அடுக்கு இரும்பின் படிக அடுக்கோடு நன்றாகப் பொருந்தும், அந்தப் பொருத்தத்தில் ஒரு வகை எலெக்ட்ரான் அலை மட்டும் சுலபமாக ஊடுருவும். 2010இல் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகம் கோபால்ட், இரும்பு, போரான் கலவையை 1.3 நானோமீட்டருக்கு மெலிதாக்கி அதே மக்னீசியம் ஆக்சைடோடு ஒட்டவைத்தபோது காந்தம் செங்குத்தாக எழுந்து நின்றது. ஆக்சைடில் இருக்கும் ஆக்சிஜன் அணுவும் இரும்பு அணுவும் கைகோத்ததுதான் காரணம். மின்சாரம் போனாலும் மறக்காத காந்த நினைவகச் சில்லுகளுக்கு அந்த அமைப்பே அடித்தளம் ஆகிவிட்டது.

"அடியில் எதுவுமே இல்லாமல், வெறும் உலோகம் மட்டும் ஓர் அடுக்காக நிற்காதா?" என்று கேட்கத் தோன்றும். கார்பனின் ஓர் அணு தடிமன் தாளான கிராஃபீனைப் பென்சில் கரியிலிருந்து உரித்தது போல இரும்பை உரிக்க முடியாது, ஏனென்றால் இரும்பில் எல்லாத் திசையிலும் பிணைப்பு ஒரே வலுவோடு இருக்கிறது. 2014இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் கிராஃபீனின் நுண் துளைகளுக்குள் இரும்பு அணுக்கள் சில வரிசைகள் மட்டும் ஜன்னல் கண்ணாடி போல நின்றதைப் பார்த்ததாக அறிவித்தார்கள். 2024இல் சுவீடனின் லின்சாப்பிங்கில் ஓர் அணு தடிமன் தங்கத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் தங்கம் நம் பேச்சுக்கு உதவாது, அது காந்தமல்ல.

இயல்பிலேயே அடுக்கடுக்காகப் பிரியும் காந்தச் சேர்மங்கள் வேறு கதை. 2017இல் குரோமியம் அயோடைடை ஓர் அடுக்காக உரித்தபோது அது 45 கெல்வின் வரை காந்தமாக இருந்தது. இரண்டு அடுக்காக வைத்தால் இரண்டும் எதிரெதிர் பார்த்து மொத்தம் பூஜ்யம். மூன்றானால் மறுபடி காந்தம். அது மின்கடத்தாப் பொருள். உலோகமாகவும் காந்தமாகவும் உரியக்கூடியது வேண்டுமென்றால் இரும்பு, ஜெர்மானியம், டெல்லூரியம் சேர்ந்த ஒரு சேர்மம் இருக்கிறது. கட்டியாக அதன் கியூரி வெப்பநிலை சுமார் 220 கெல்வின், ஓர் அடுக்கில் சுமார் 130. அறை வெப்பநிலையில் வேலை செய்ய வேண்டும் என்றால் எனக்கு இன்னமும் அந்தப் பழைய கோபால்ட்-பிளாட்டினம் ஜோடியின் மேல்தான் நம்பிக்கை.

அதனால் கல்லூரி ஆய்வகம் பற்றிய உங்கள் கடைசிக் கேள்விக்கு என் யோசனையும் அதுதான். தூய வெற்றிடம் படலம் செய்யும்போதுதான் வேண்டும். மேலே பிளாட்டினத்தால் மூடிவிட்டால் உள்ளே இருக்கும் கோபால்ட் காற்றில் கெடாது. ஸ்பட்டரிங் கருவி (உலோகத்திலிருந்து அணுக்களைத் தெறிக்கவைத்துப் படலமாகப் படியவைப்பது) உள்ள ஏதாவது ஆய்வுக்குழுவிடம், கண்ணாடித் துண்டின் மேல் பிளாட்டினம், 0.6 நானோமீட்டர் கோபால்ட், மறுபடி பிளாட்டினம் என்று ஒரு மாதிரி செய்து தரும்படி கேளுங்கள். அது மூன்றே அணு அடுக்குக் கோபால்ட். உங்களுக்குத் தேவை ஒரு சிவப்பு லேசர், இரண்டு நல்ல முனைவாக்கிகள், ஒரு ஃபோட்டோ டையோடு, சில நூறு காஸ் (காந்தப் புலத்தின் அலகு) தரும் மின்காந்தம், அதிர்வில்லாத ஒரு மேசை. மாதிரியின் மேல் லேசர் ஏறக்குறைய நேராக விழட்டும், காந்தப் புலமும் செங்குத்தாக இருக்கட்டும். இரண்டாவது முனைவாக்கியை முழு இருட்டிலிருந்து ஓரிரு டிகிரி திருப்பி வைத்துக்கொண்டு, மின்காந்தத்தின் மின்னோட்டத்தை மெதுவாகக் கூட்டிக் குறைத்து, திசையை மாற்றிப் பாருங்கள். டையோடின் வோல்டேஜ் ஓரிடத்தில் சட்டென்று தாவும், திரும்பி வரும்போது வேறோரிடத்தில் தாவும். காகிதத்தில் வரைந்தால் சதுரமான வளையம் கிடைக்கும்.

இன்னொரு மாதிரியும் கேட்டு வாங்குங்கள். கோபால்ட்டைத் தவிர மற்றதெல்லாம் முதல் மாதிரியைப் போலவே இருக்க வேண்டும், கோபால்ட் மட்டும் 3 நானோமீட்டர். அதையும் அதே இடத்தில், அதே அமைப்பில் வைத்து அளந்தால், தாவல் போய் சாய்ந்த கோடு மட்டும் வரும். நின்றுகொண்டிருந்த காந்தம் படுத்துவிட்டது.